கை தூக்கிய வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு எங்கள் பள்ளியின் பெரிய இரும்புக் கதவில் இருந்த சின்னக் கதவு 'கிறீச்'சென்று கத்தும். கணக்கு சார் கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வயிறு எரியும். சிக்கந்தர் 'ஜும்மா' தொழுகைக்குப் போகிறான் என்று அர்த்தம். சின்னமனூரில் ஏழாம் வகுப்பு படித்த அந்த வருடம், அவனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும் கிடைத்த அந்த அனுமதியை, போன நேரம், வந்த நேரத்தோடு வாரம் தவறாமல் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

"தொழத்தானலே போற, இல்ல சர்பத் குடிக்கவா?" என்பேன்.

"நீயும் வாயேன். வெயில்ல ரெண்டு தெரு ஓடணும், அம்புட்டுத்தான்," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலூட்டும்.

ஐப்பசி இரண்டாம் வெள்ளிக்கு முந்தைய நாள் குடிமையியல் பாடத்தில் 'பெரும்பான்மை' என்ற சொல் வந்தது. வகுப்புத் தலைவன் நான்தான். மறுநாள் காலை, எல்லோருக்கும் ஒரே விதி வேண்டுமா என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னேன். என் கையோடு நாற்பத்தொரு கைகள் எழுந்தன, மூன்று எழவில்லை. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த வகுப்பாசிரியர், "கிளாஸே சொல்லுது, நான் என்னப்பா செய்ய?" என்றார். வீட்டில் அப்பாவும், "அம்புட்டுப் பேரும் சொன்னா சரியாத்தானடா இருக்கும்," என்றார்.

அன்று மதியம் பள்ளிவாசலில் பாங்கு கேட்டபோது சிக்கந்தர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பின்னத்தை எழுதிக்கொண்டே உதடுகளை மட்டும் அசைத்தான். ஜெயித்தவன் நான், ஆனாலும் எனக்கில்லாத ஏதோ ஒன்று அவனிடம் மிச்சமிருக்கிறதே என்று அப்போதும் பொறாமைப்பட்டேன்.

கார்த்திகை பிறந்து, சபரிமலை வண்டிகள் எங்கள் ஊர் வழியே குமுளிக்குப் போகத் தொடங்கியதும் எனக்கும் மாலை போட்டார்கள். சீருடைக்குப் பதில் கறுப்புச் சட்டை, வெறுங்கால், மாலைப் பூசைக்காக ஒரு பீரியடு முன்னதாகவே வீட்டுக்குப் போக அனுமதி. அதே வகுப்பாசிரியர், "சாமி, நீங்க கெளம்புங்க," என்றார். நான் பையைத் தூக்கியபோது சிக்கந்தர் கேட்டான்:

"சாமி, ஒங்களுக்கு எப்ப கை தூக்கணும்?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளி காலை, அவர்களை மறுபடி தொழுகைக்கு அனுப்பலாமா என்று கேட்டுக் கை தூக்கச் சொன்னேன். அவர்கள் மூன்று பேர், அப்புறம் நான். "ஏலே, நீதானலே மொதல்ல வேணாம்னே!" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேலி வந்தது. வகுப்பாசிரியர் இந்த முறையும் எண்ணிக்கையைத்தான் பார்த்தார். கோடை விடுமுறை முடிந்ததும் சிக்கந்தரை அவன் அத்தா உத்தமபாளையத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

போன மாதம், ஊர் வரலாறு எழுதும் ஆசையில் பழைய பதிவேடுகளைப் பார்க்க அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இப்போது பிள்ளைகளை விடுகிறீர்களா என்று ஓர் இளம் ஆசிரியரிடம் கேட்டேன். நல்ல மனிதர்; எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டவர்.

"யாரும் கேக்குறதில்ல சார். அவுக பிள்ளைக இங்கன சேர்றதே இல்ல. நமக்கு அந்தப் பிரச்சினையே கெடையாது," என்றார்.