கையுறைக்காரன் வருவானா?

என் மனைவி என்னோடு போட்ட கடைசிப் பந்தயம் ஒரு சினிமாவைப் பற்றியது. சிரம்பானில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, காரை எந்த மாடியில் நிறுத்தினோம் என்று தெரியாமல் மூன்று பேரும் தேடிக்கொண்டிருந்தபோது போட்டது. மூன்றாவது ஆள் என் மாமனார். லாபு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் சரி எனக்கும் சரி, அந்தக் காலத்தில் சூப்பர்ஹீரோ படங்களில் ஓர் ஈடுபாடும் கிடையாது. அவள்தான் டிக்கெட் எடுப்பாள். நாங்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தூங்குவோம்.

அன்று மட்டும் தூங்கவில்லை. காரணம் கையுறைக்காரன். நீலக் கையுறையைப் போட்டால் இரும்பும் அவன் சொன்னபடி வளையும். கழற்றிவிட்டால் சாதாரணப் பையன், பஸ்ஸைத் தவறவிட்டு ஓடுகிறவன். படத்தின் கடைசியில் கையுறை கடலில் விழுகிறது, பின்னாலேயே அவனும் குதிக்கிறான், அதோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள். அடுத்த பாகத்தில் அவன் வருவானா மாட்டானா? அவள் வருவான் என்றாள். நான் வரமாட்டான் என்றேன். அவன் இந்தப் படக் கம்பெனியின் சொந்த ஆளே இல்லை, அவனுடைய ரைட்ஸ் வேறொரு ஸ்டூடியோவிடம் இருக்கிறது, இரண்டுக்கும் தகராறு என்று நான் வேலை செய்யும் கடையில் யாரோ பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. காதில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன்போல் சொல்வது என் வழக்கம்.

"ஏங்க, தோத்தா என்னா செய்வீங்க?"

"நீ சொல்றத செய்றேன்."

"அப்பா, கேட்டுக்குங்க, நீங்கதான் சாட்சி."

"முதல்ல காரத் தேடுங்க லா" என்றார் மாமா.

அந்த வாரமே ராசாவில் போடும் பசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து ஒரு நீல பாஜு வாங்கி வந்தாள். அரைக்கைச் சட்டை, நெஞ்சு முழுக்கக் கையுறைப் படம். எம் சைஸ். கல்யாணத்தின்போதே அந்த சைஸ் எனக்குப் போதாது. "தோத்தீங்கன்னா இத போட்டுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கெழம பூரா எங்க அப்பா வீட்டுல உக்காந்திருக்கணும்" என்றாள். சின்னதாக இருக்கிறதே என்றேன். "தோக்குறவருக்கு யாராச்சும் அளவு பாத்து வாங்குவாங்களா?" என்று சொல்லி, அதை என் பக்கத்து அலமாரியில், என் சட்டைகளுக்கு நடுவிலேயே மாட்டி வைத்தாள்.

அடுத்த பாகம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். புற்றுநோய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமாவுக்கு அவள் ஒரே மகள். அத்தை அதற்கு முன்பே காலமாகியிருந்தார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு நானும் அவரும் ஒருவருக்கொருவர் யார் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் தெமியாங்கில் கார் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காலையில் ரொட்டி சானாய் வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு லாபுவுக்குப் போவேன். இரண்டு பேரும் சாப்பிடுவோம். "மழ வரும்போல" என்பார். "ஆமா மாமா" என்பேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

ராசாவில் இருக்கும் என் அக்கா ஒருநாள் கேட்டே விட்டார். "இன்னும் எதுக்குடா அங்க போய்க்கிட்டு இருக்க? உனக்கும் அவருக்கும் இனிமே என்னாடா இருக்கு?" நான் எரிந்து விழுந்தேன். பதில் தெரிந்திருந்தால் அமைதியாகச் சொல்லியிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளம்பலாம் என்று மோட்டார் சாவியை எடுத்தபோது மாமா திடீரென்று கேட்டார்.

"மாப்ள, அந்த கிளவுஸ்காரன் வருவானா?"

சாவியைத் திரும்ப மேசையில் வைத்தேன். அன்று நான் வீடு திரும்பியபோது மத்தியானம் மணி மூன்று.

அதன் பிறகு எங்கள் ஞாயிறுகள் மாறிப்போயின. மாமா ஹேன்ட்போனில் யூடியூப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவில் அந்த இரண்டு கம்பெனிகளில் எது தும்மினாலும் லாபுவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்குத் தெரிந்துவிடும். எந்த நடிகர் முடி வெட்டிக்கொண்டார், எந்த இயக்குநர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்தார், எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. அவர் மகள் கட்சி. நான் என் கட்சி. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா சண்ட?" என்று கேட்கும் அளவுக்குக் கத்துவோம்.

ரைட்ஸ் விவகாரத்தை அவரைப்போல் எனக்கு யாரும் புரியவைத்ததில்லை.

"தோட்டத்த வித்தானுங்கள்ல? மரம் புதுக் கம்பெனிக்குப் போச்சு. நாம குடியிருந்த லயம் போச்சு. கோயில் நிக்கிற எடமும் அவனுதுதான். ஆனா சாமி யாருது? நம்மளுது. வருசா வருசம் திருவிழாவுக்கு முறையா எழுதிக் கேக்குறோம், அவனும் கேட்டத் தொறந்து வுடுறான். இதுவும் அதே கததான் லா. பையன் அவன் எடத்துல இருக்கான். இவனுங்க எழுதிக் கேக்கணும்."

"கேக்கலன்னா?"

"கேப்பானுங்க. சாமி இல்லாம தேர் மட்டும் போவுமா?"

அவள் பெயரை நாங்கள் இருவருமே எடுப்பதில்லை. ஆனால் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான். அவள் கேள்வி, அவள் பந்தயம். அது முடியாமல் இருக்கும்வரை அவளும் எழுந்து போகாமல் எங்களோடு உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும். இதை அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் பிரேக் பேட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹேன்ட்போனில் செய்தி வந்தது. இரண்டு ஸ்டூடியோக்களும் கையெழுத்துப் போட்டுவிட்டன. கூடவே ஒரு படம்: ஈரமான நீலக் கையுறை, அதற்குள் ஒரு கை. அவன் வருகிறான். "ஜெயிச்சுட்டா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதிரே நின்ற சீனர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த நிமிடமே ஒரு கேள்வி வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவோம்? மறுபடியும் "மழ வரும்போல"தானா? அப்படி எத்தனை வாரம் போவேன்? மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு தீபாவளிக்கு ஒரு தடவை, பிறகு அதுவும் இல்லை. எனக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அதனால் சொல்லாமல் இருந்துவிட முடிவு செய்தேன்.

நல்லவேளை, மாமாவுக்குச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை. வழக்கம்போல் "வருவானா?" என்றார். நான் வழக்கத்தைவிட உரக்க, வரவே மாட்டான் என்று சாதித்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அவர் ரொட்டியைக் கறியில் தோய்த்துக்கொண்டே, "நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கும்போல, மாப்ள. வரமாட்டான்" என்றார்.

கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஜெயித்தவளை அவள் அப்பா வாயாலேயே தோற்க வைத்துவிட்டேன். அவள் இருந்திருந்தால் மூன்று வாரம் என்ன, மூன்று நிமிடம் விட்டிருப்பாளா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் அலமாரியைத் திறந்து அந்த பாஜுவை எடுத்தேன். தலை நுழைவதற்கே போராட்டம். வயிற்றுக்குப் பாதியில் நின்றுவிட்டது. மோட்டார் ஓட்டும்போது காற்றுக்குப் போடுவதுபோல் ஜாக்கெட்டை முன்னுக்குப் பின்னாகத் திருப்பி மாட்டி அதை மறைத்துக்கொண்டு லாபுவுக்குப் போனேன். இனி பேச ஒன்றும் இல்லாமல் போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். பயமாகவும் இருந்தது.

மாமா கேட்டைத் திறந்தார். நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். கையுறையைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சிச்சு?"

"நாலு வாரம் ஆச்சு, மாமா. செவ்வாக்கெழம."

"எனக்கும் அன்னிக்கேதான். காலையில அஞ்சரைக்கே பாத்துட்டேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அப்புறம் ஏன் மாமா சொல்லல? போன வாரம் வரமாட்டான்னு வேற சொன்னீங்களே!"

"சொன்னா முடிஞ்சிரும்ல. அப்புறம் நீங்க எதுக்கு இங்க வரப்போறீங்க?"

அவர் கிட்டே வந்து, என் நெஞ்சில் சுருங்கிக் கிடந்த கையுறைப் படத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"எம்மவ ஜெயிச்சிட்டா, மாப்ள" என்றார். "நாலு வாரமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்தேன். சொன்னா வெளங்குற ஆளு உங்களத் தவிர எனக்கு யாரு இருக்கா?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

பந்தயம் பந்தயம்தான். அன்று முழுக்க அந்த பாஜுவோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றிப் பேசினோம், பெயர் சொல்லியே பேசினோம். கொஞ்ச நேரம் பேசாமலும் இருந்தோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் நான் மோட்டாரை எடுத்தபோது மாமா கேட்டுக்கு வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஒழுங்கான பாஜு போட்டுக்கிட்டு வாங்க லா. பாக்குற எனக்கே மூச்சு முட்டுது."

"சரி மாமா, அடுத்த ஞாயித்துக்கெழம" என்றேன்.