மணமகள் பக்கத்து நாற்காலி

எலுமிச்சைத் தோலை உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார் பெரில் அம்மாள். காலையெல்லாம் துறைமுகத்துக் கடையில் மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்து, பேஸ்ட்டிக்கு ஓரம் முறுக்கிய கை. வெங்காய வாசம் லேசில் போகாது. கல்யாணத்துக்குப் போகிற கையில் அது அடிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. யாருடைய கல்யாணம்? அது அவருக்கே தெரியாது.

"யாருன்னே தெரியாத ஆளு கல்யாணத்துக்கு இவ்ளோ சிங்காரமா?" டிவியில் ஸ்னூக்கர் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்கிறார் கணவர் டென்சில்.

"தெரிஞ்சவங்க கல்யாணத்துல என்ன இருக்கு? சண்டைதான் இருக்கும்," என்றபடி மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொள்கிறார் அம்மாள்.

கோடைகாலச் சனிக்கிழமை என்றால் இதுதான் நடப்பு. கடலோரப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, குன்றின் மேலிருக்கும் லான்கெரிஸ் மாளிகைக்குப் போய்விடுவார். தகரச் சுரங்கத்தில் பணம் பார்த்த ஒரு குடும்பம் எந்தக் காலத்திலோ கட்டிய வீடு, இப்போது ஹோட்டல். நீளக் கூடத்தின் சன்னல்கள் எல்லாம் கடலைப் பார்த்தவை. அந்தச் சன்னல்களுக்காகவே எங்கெங்கிருந்தோ வந்து மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். பதிவாளர் நடத்தும் கல்யாணத்தில் ஊரார் யார் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்ல வேண்டாமா? பெரில் அம்மாளுக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது. ஆசைதான் உண்டு.

பின்வரிசைக்கும் பின்னால், குடைகள் செருகி வைத்திருக்கும் மூலையில் நின்றுகொள்வார். பெண்ணின் உடையை அவர் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையின் காதுகளைத்தான் பார்ப்பார். பெண்ணைக் கண்டதும் அவை சிவக்க வேண்டும். சிவந்துவிட்டால், "இது தேறிடும்," என்று முணுமுணுப்பார். வேறு காரணம், கண்ணீர்க் கதை ஏதும் இல்லை. அந்தக் காதுகள் சிவக்கிற நொடியில் அவருக்கும் உடம்பெல்லாம் குப்பென்று ஒரு குதூகலம், அவ்வளவுதான்.

விருந்தில் ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடமாட்டார். "கூப்பிடாத பந்தில உக்காந்தா தொண்டைல எறங்குமா, ராசா?" என்பார். வெளியே கடல் பார்த்த மதில்மேல் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த பேஸ்ட்டியைப் பிரிப்பார். உடனே கடற்காகம் ஒன்று வந்து இறங்கும். ஒரு கையில் பேஸ்ட்டி, மறு கையில் குடை என்று யுத்தம் தொடங்கிவிடும். "போடா திருட்டுப் பயலே! ஒரு துணுக்கு கெடையாது உனக்கு!" ருசி கண்டுவிட்டால் எல்லார் கையிலிருந்தும் பிடுங்கும் என்று, அந்த ஊரில் கடற்காகத்துக்குத் தீனி போடுகிறவரை ஊரே திட்டும். திட்டுவதில் முதல் குரல் பெரில் அம்மாளுடையது.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கூடத்துக்குள் நுழைந்தவர் திகைத்துப்போனார். வரிசை வரிசையாக நாற்காலிகள் இல்லை. முன்னால் இரண்டே இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

புதிதாக வந்த மேலாளர் டோபி தயங்கித் தயங்கி அருகே வந்தான். "தப்பா நெனைக்காதீங்க, மிஸஸ் ஹாஸ்கின். கூட்டம்னா பரவால்ல. இன்னைக்கு மாப்ளையோட அண்ணன், பொண்ணோட தோழி, அவ்வளவுதான். நடுவுல நீங்க நின்னா... உறுத்தும்."

சட்டம் பேசிச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் சொன்னது சரி என்று பட்டதுதான் வலித்தது. திரும்பி நடந்தபோது மாடிப்படியில் நின்ற மணப்பெண் அவருடைய தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கவும் கூச்சமாக இருந்தது. இனி இங்கே வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

மதிலில் உட்கார்ந்து பேஸ்ட்டியைப் பிரித்தும் தின்ன மனம் வரவில்லை. கடற்காகம் வந்து இறங்கியது. குடையைத் தூக்கவும் தெம்பில்லை. அப்போதுதான் கழுத்துப்பட்டை தோளில் பறக்க, புல்லில் பளபள ஷூ வழுக்க, டோபி ஓடிவந்தான்.

"மிஸஸ் ஹாஸ்கின்! வாங்க, சீக்கிரம் வாங்க!"

"என்ன ராசா, தீ கீ புடிச்சிருச்சா?"

"பொண்ணோட தோழி வழில மாட்டிக்கிட்டாங்க. குறுக்குச் சந்துல அவங்களுக்கு முன்னால ஒரு கேரவன் வண்டி ரெண்டு பக்க வேலிக்கும் நடுவுல சொருகிக்கிச்சு, முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. பதிவாளருக்கு அடுத்த ஊர்ல இன்னொரு கல்யாணம், காத்திருக்க மாட்டாங்க. ரெண்டாவது சாட்சி இல்லாம கல்யாணமே நடக்காது!"

"ஏன், நீ போடேன் கையெழுத்து?"

"பொண்ணுகிட்டக் கேட்டுப் பாத்துட்டேன். நீங்க எதுக்கு வந்தீங்கன்னும் சொன்னேன். 'சம்பளத்துக்கு நிக்கிறவங்க வேணாம். என் கல்யாணத்தப் பாக்கணும்னு தானா வந்தாங்களே, மஞ்சத் தொப்பி, அவங்க வேணும்'னு ஒரே பிடிவாதம்."

பெரில் அம்மாள் பேஸ்ட்டியைக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். ஆமாம், ஓடினார். முழங்கால் வலி என்று ஒன்று இருந்ததே அப்போது நினைவில்லை. டோபிதான் பின்தங்கினான்.

வாசலில் மணப்பெண் ஃப்ரேயா அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "எம்பக்கம் யாருமே இல்லம்மா. அங்க போய் உக்காருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்தார். பெண் நடந்துவந்து நின்றாள். ஆட்சேபம் உண்டா என்று பதிவாளர் கேட்டார். கூடத்தில் அலைச் சத்தம் மட்டும். அந்த அமைதியில் மாப்பிள்ளை மெல்லத் திரும்பி ஃப்ரேயாவைப் பார்த்தான். அவன் காதுகள் இரண்டும் வெந்த நண்டாகிவிட்டன.

"செவந்துடுச்சு!" என்று கத்திவிட்டார் பெரில் அம்மாள்.

பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆட்சேபம் ஏதாவது சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல கண்ணு! சந்தோஷம்! நீ நடத்து, நீ நடத்து!"

மாப்பிள்ளையின் அண்ணன் வாய்விட்டுச் சிரிக்க, பெண் சிரிக்க, பதிவாளரும் தாளைக்கொண்டு வாயை மறைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடுமுன் பெரில் அம்மாள் விரல்களை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டார். எலுமிச்சைதான் மணத்தது.

"சாப்பிடாமப் போனீங்க, நான் பேசவே மாட்டேன்," என்றாள் ஃப்ரேயா. "எம்பக்கத்துலதான் உங்களுக்கு எடம்."

"ஒரு நிமிசம் இரு கண்ணு, இந்தா வந்துட்டேன்."

வெளியே மதிலில் கடற்காகம் இன்னும் உட்கார்ந்திருந்தது. பெரில் அம்மாள் பாதையின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஊர்க்காரர் யாருமில்லை என்று உறுதியானதும், பையிலிருந்த பேஸ்ட்டியைப் பிரித்து, முழுசாக அதன் முன்னால் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே விரைந்தார்.