சட்டைக்கு முகம் இல்லை

போன வாரம் பக்கத்து வீட்டு ஆமினா இத்தா — அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம் — என் கதவைத் தட்டினார். கையில் நான் எடுத்த போட்டோ.

"இதுல எம் மவ எங்கடா தம்பி? கரிச்சட்டிக்குக் கம்மல் போட்ட மாதிரில்லா இருக்கு!"

உண்மைதான். துணி தெரிந்தது, முகம் இல்லை. இத்தாவுக்கு ஜைனபா ஒரே மகள். அந்த வெள்ளிக்கிழமை புருஷனோடு கொழும்புக்குப் போகவிருந்தாள். எப்போது திரும்புவாளோ... அந்த முகம் ஒரு காகிதத்திலாவது வீட்டில் இருக்க வேண்டும். அதைத்தான் நான் கரியாக்கியிருந்தேன்.

ஃபிளாஷ் புதுசு. எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் வாங்கியது. ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும்; அதன் டப்பாவில் ஒரு எண் போட்டிருக்கிறான். ஆள் நிற்கும் தூரத்தை அடியில் அளந்து, அந்த எண்ணை அதால் வகுக்க வேண்டுமாம். எண் எண்பது, தூரம் பத்தடி என்றால் லென்ஸ் துவாரத்தை எட்டில் வை. நான் நம்பவில்லை. வீட்டில் சோதித்தேன். எட்டில் ஒரே வெள்ளை. எண் கூடினால் துவாரம் சிறிதாகும்; பதினொன்றுக்குச் சுருக்கினேன்; பட்டன்கூடத் தெளிவு. ஜைனபாவையும் பதினொன்றில் எடுத்தேன்.

"ஆரை நிக்க வச்சுப் பாத்தே?"

"நாற்காலியில வெள்ளைச் சட்டைய மாட்டி எடுத்தேன், இத்தா."

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "சட்டைக்கு மொகம் உண்டாடா? சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருக்கேன். விளிச்சா வரமாட்டேனா?"

வெள்ளைச் சட்டையும் சுண்ணாம்புச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். முகமும், அவர்கள் வீட்டுப் புகையேறிய பலகைச் சுவரும் தராது. ஓர் ஆளை நிறுத்திப் பார்த்திருந்தால் எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். ஆளுக்கு எங்கே போவேன்? கூப்பிட எனக்கு வாய் வராது. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எனக்குப் பெண் பார்த்துக் கடிதம் போடும் வாசகர்கள் சும்மா இருக்கவும்.

ஜைனபா மாமியாரிடம் சொல்லிக்கொள்ள ஆலுவா போயிருந்தாள். வியாழன் மாலைதான் வருவாள். அதற்குள் கணக்கு சரியாக வேண்டும். மகள் உட்கார்ந்த இடத்தில் இத்தா உட்கார்ந்தார். "இந்தக் கெழட்டு மூஞ்சிக்குப் பல்பா?" என்று திட்டியபடியே முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். எட்டில் ஒன்று, இன்னும் திறந்து ஐந்து புள்ளி ஆறில் ஒன்று. அன்றே ஃபிலிமைக் கழுவினேன். இரண்டாவதில் கன்னத்து மச்சம்கூட விழுந்திருந்தது.

வியாழனன்று மிச்சம் ஒரே பல்பு. அதை மகளுக்குப் போட்டேன்.

அவள் போன பிறகு பிரிண்ட்டைக் கொடுத்தேன். இத்தா வெகுநேரம் பார்த்தார். "இவதான்..." என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே:

"இனி பல்பு போட்டுப் பாக்கணும்னா விளி, தம்பி. நானும் சும்மாதான் இருப்பேன்."

இந்த வாரம் சோதிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு பல்பு வாங்கி வைத்திருக்கிறேன்.