எட்டுச் சிங்கங்களும் ஒரு கட்டிப் புளியும்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ நகரத்தின் மத்தியில் இருந்த ஒரு பழைய ஹோட்டலில் எனக்குத் துப்புரவு வேலை. விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். செங்கல் சுவர், சலவைக்கல் படிக்கட்டு, அதன் கைப்பிடி நெடுக எட்டுப் பித்தளைச் சிங்கத் தலைகள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்கி ‘பேர்மனன்ற்’ கடிதம் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ, அந்த மூன்றாவது மாதத்தின் கடைசிக் கிழமையில்தான் கை சும்மா இருக்கவில்லை.

பொங்கல் வரப்போகிறதென்று வீட்டில் மனைவி குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிங்கங்களின் நினைவு வந்தது. எட்டும் கரிச்சட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தன. இவ்வளவு பெரிய இடத்தில் இதைக் கவனிக்க ஒரு மனுசர் இல்லையே! செவ்வாய்க்கிழமை ஒரு கட்டிப் புளியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

அரை மணித்தியாலத்தில் முதலாவது சிங்கம் பொன்னாக நின்றது. மீசைகூடத் தெரிந்தது.

மனேஜர் அம்மா கண்டுவிட்டார். படியில் நின்றபடியே பொரியத் தொடங்கினார். எனக்கு அப்போது இங்கிலிஷ் அரைகுறை. அவர் பேசிய வேகத்தில் அந்த அரையும் ஓடிவிட்டது. நல்ல வேளையாக, என்னை அங்கே சேர்த்துவிட்ட அண்ணை பக்கத்தில் யாரோ விருந்தாளியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“என்னவாம் அண்ணை?”

“உது ஊத்தை இல்லையாம், வயசாம். நூறு வருஷமாய்ப் பிடிச்ச நிறத்தை நீ உரிச்சுப்போட்டியாம்.”

“வயசு போனா முகம் கழுவக் கூடாதோ?”

“வாயை மூடு. உன்னைச் சேர்த்துவிட்ட குற்றத்துக்கு நானும் உன்னோடை வீட்டுக்குப் போகவேண்டி வரும். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுறாவாம்.”

வேலை போனதென்றே நினைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. புளி எங்கே போனது என்று அவள் கேட்டபோது, கடைக்குப் போய் வேறொரு கட்டி வாங்கி வந்தேன்.

ஆனால் ஹோட்டலுக்கு வந்தவர்கள் நின்று நின்று பொன் சிங்கத்தின் மூக்கைத் தடவினார்கள். பிறகு மற்ற ஏழு சிங்கங்களையும் பார்த்தார்கள். மயிர்க் கோட்டுப் போட்ட ஒரு கிழவி வரவேற்பு மேசைக்கே போய், ஒன்றை மட்டும் துடைத்துவிட்டு மற்றவற்றை ஏன் அழுக்காக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாராம். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். நூறு வருஷ வயசு மூன்றே நாளில் ஊத்தையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டார். அண்ணையும் கூட வந்தார். மனேஜர் பேசப் பேச அண்ணையின் முகம் மலர்ந்தது.

“ஏழு சிங்கத்துக்கும் எத்தனை கட்டி வேணுமெண்டு கேக்கிறா.”

“நாலு போதுமெண்டு சொல்லுங்கோ.”

“பொறடா. முதல் பேர்மனன்ற் கடிதம். புளி பிறகு.”

அண்ணை அதை இங்கிலிஷில் என்னவென்று அலங்கரித்தாரோ, மனேஜர் சிரித்துவிட்டார். கடிதம் வந்தது.

மற்ற வேலைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக மினுக்கினேன். எட்டாவதை முடித்து நிமிர்ந்தால், முதலாவது மெல்லக் கறுக்கத் தொடங்கியிருந்தது. அண்ணை கையிலிருந்த பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அதை உற்றுப் பார்த்தார்.

“கடிதமே தேவையில்லையடா,” என்றார். “நீ சாகுமட்டும் பேர்மனன்ற்தான்.”