எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடம்

நஸ்ரின் ஆம்பூர்க்காரி. ஹைதராபாத்துக்கு வந்து வார்டில் நர்ஸாக இருந்து, பிறகு நாச்சாரம் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியையானவள். முதுகில் கீறல் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகள் படுக்கைப்புண்ணோடு திரும்பி வருவதை வார்டில் நிறையப் பார்த்திருந்தாள். டாக்டர்கள் குடும்பத்தைத் திட்டினார்கள். சொல்லிக் கொடுக்காமல் திட்டுவதில் என்ன நியாயம் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பே அவளுடைய பாடமாகவும் பின்பு ஆராய்ச்சியாகவும் ஆனது: பக்கவாதத்தில் விழுந்தவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் குடும்பம் முழுவதையும் கூடத்தில் உட்கார வைத்துத்தான் பேசுவாள். ஒருவர் படுத்தால் வீடே படுக்கிறது, அதனால் எல்லோரும் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்பாள். தப்பான கொள்கை என்று சொல்ல முடியாது. சரியாகத் தோன்றும் கொள்கையைத்தான் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஹப்சிகுடாவில் நாராயணஸ்வாமியின் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினாள். பாதுகாப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாள். மனைவி கல்பகம் முழங்கால் என்றாள். மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன் வெங்கட்ரமணன், வீட்டுக்கு வரவே நேரமாகிறது என்றான். கடைசியாக மருமகள் சாருலதாவின் முறை வந்தது.

“நேக்கு ஒண்ணும் இல்லை மேடம்.”

குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவதையும், மாமனாரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதையும் நஸ்ரின் அவளுக்குத்தான் கற்றுக்கொடுத்தாள். ஒரு வருஷம் கழித்தும் அவர் முதுகில் சிவந்த தடம்கூட இல்லை. வகுப்பில் நஸ்ரின் அந்த வீட்டைத்தான் உதாரணம் காட்டினாள்; மாணவிகளை அங்கே கூட்டிப்போகவும் செய்தாள்.

ஆய்வின் கடைசிச் சந்திப்புக்கும் வழக்கம்போல் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“வாங்கோ மேடம். எங்காத்துக்கு ரெண்டு நர்ஸ்,” என்றாள் கல்பகம். “ஒருத்திக்குக் காலேஜ்ல சம்பளம். இன்னொருத்திக்கு ரெண்டு வேளை காபி.”

மாணவிகள் சிரித்தார்கள். சாருலதாவும் சிரித்தபடி, மாமனாரைத் திருப்பிக் காட்டக் கட்டிலருகே போனாள். தன் இடுப்பில் பாரம் விழாமலிருக்க, நஸ்ரின் கற்றுக்கொடுத்தபடி முழங்காலைக் கட்டில்மேல் சரியாகவே ஊன்றினாள். ஆனால் இழுத்தது வலது கை மட்டும். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. அதில் வளையல் இல்லை.

“அந்தக் கைக்கு என்ன?” என்றாள் நஸ்ரின்.

“சுளுக்கு,” என்று கல்பகம் பதில் சொன்னாள். “வளையல் வேலைக்கு இடைஞ்சல்னு கழட்டிட்டா. வெறுங்கையோட நிக்காதேடின்னா கேக்கறாளா?”

நஸ்ரின் சாருலதாவைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் அவளோடு தனியாக நின்றது அதுவே முதல் தடவை. கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. அக்குளில் இருந்த கட்டியில் விரல் பட்டதும் நஸ்ரினுக்குப் புரிந்துவிட்டது.

“மார்லயும் இருக்கா?”

“இருக்கு.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க முதல்ல வந்தப்போ சின்னதா இருந்தது. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீங்க எல்லாரையும் கூடத்துல உக்காத்தி வெச்சுட்டேள். அப்பா கட்டில்ல, அம்மா எதிர்ல. அங்க மாரைப் பத்தி என்னன்னு பேசறது?”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“அப்புறம் நீங்க இந்தப் பொண்ணுகளைக் கூட்டிண்டு வந்து, என்னைப் பார்த்துக் கத்துக்கச் சொன்னேள்.”

மறுநாள் நஸ்ரினே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, இனி நாளைத் தள்ளிப்போடத்தான் முடியும் என்றார்கள்.

கிழவரைத் திருப்பும் வேலை வெங்கட்ரமணனுக்கு வந்தது. நஸ்ரின் சொல்லிக்கொடுத்தாள். அவனும் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டான். ஆனால் மீட்டிங் நீண்ட நாட்களில் அப்பா ஒரே பக்கமாகக் கிடந்தார். அடுத்து அவள் போனபோது இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

பக்கத்து அறையில் சாருலதா படுத்திருந்தாள். முடி போயிருந்தது.

“அப்பா முதுகு எப்படி இருக்கு மேடம்?”

நஸ்ரினுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. “புண் வந்திருக்கு,” என்றாள்.

சாருலதா கண்ணை மூடிக்கொண்டாள். நஸ்ரின் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து அருகில் உட்கார்ந்தாள். வீங்கிய கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள்.

“இப்ப சொல்லு சாரு. உனக்கு என்ன கஷ்டம்?”

“இப்ப கேக்கறேளே,” என்றாள் சாருலதா. குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. வெங்கட்ரமணன் மூச்சைப் பிடித்து முனகுவது கேட்டது. அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள்.

“அப்பாவைத் திருப்பறச்சே அவரை முழங்காலைக் கட்டில்மேல வெச்சுக்கச் சொல்லுங்கோ. இல்லேன்னா அவர் இடுப்பும் போயிடும்.”

நஸ்ரின் எழுந்து கதவைத் திறந்தாள்.