எங்கள் தெருவுக்கு வந்த நர்சம்மா

நர்சம்மா இறந்துவிட்டார். காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது.

நான் நம்பவில்லை. எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆள் இல்லை நான்... அவர் மகளுக்கே போன் போட்டுக் கேட்டேன். உண்மைதான். ஹார்ட் அட்டாக்.

நெம்மேலி பக்கம் எங்கள் ஊருக்குப் புதன்கிழமைதோறும் ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியோடு வருவார். அங்கன்வாடியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவார்.

கொரோனா வந்தது. புதன்கிழமை ஊசி நின்றது. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம், தட்டம்மை ஊசி போட வேண்டிய நேரம்.

லாக்டவுன் கொஞ்சம் தளர்ந்ததும் நர்சம்மா வீடு வீடாக வர ஆரம்பித்தார். எனக்குச் சந்தேகம்... காய்ச்சல் வீடுகளுக்கெல்லாம் போகிறவர் இங்கே எதைக் கொண்டுவருகிறார்? பெட்டியில் இருப்பது எப்போதும் போடுகிற ஊசிதானா, இல்லை புது மருந்தை எங்கள் காலனிப் பிள்ளைகள் மேல் டெஸ்ட் பண்ணுகிறார்களா? அணுமின் நிலையத்து ஆபீசர்கள் இருக்கிற அணுபுரம் குவார்ட்டர்ஸில் இப்படிப் போய்க் கதவைத் தட்டுவார்களா?

வாசலில் வேப்பிலை கட்டிவிட்டேன். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளி ஆள் வரமாட்டார்களே...

பொய்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நானே யோசனை சொன்னேன். மறுநாள் பார்த்தால் தெருவில் நாலு வாசலில் வேப்பிலை.

தெருவே அம்மையில் படுத்திருக்கிறது என்று நர்சம்மா பதறிப்போனார். தினமும் வந்து வாசலுக்கு வெளியே நின்று, காய்ச்சல் விட்டதா, பால் குடிக்கிறாளா என்று கேட்பார். வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் மகள் தவழ்ந்து வாசலுக்கே வந்துவிட்டாள். உடம்பில் ஒரு கொப்புளம், ஒரு தடிப்பு இல்லை.

நர்சம்மா திட்டவில்லை. "ஆத்தா பேர்ல பொய் சொல்ற அளவுக்கு எம் மேல இன்னாம்மா பயம்?" என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பாட்டிலை என் கையிலேயே கொடுத்து, பெயர், தேதி எல்லாம் படிக்க வைத்துவிட்டுத்தான் போட்டார். அப்போதும் ஊசி போட்ட இடத்தை மூன்று நாள் போட்டோ எடுத்து வைத்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால் ஆதாரம் வேண்டுமே.

மற்ற வீடுகள் திறக்கவே இல்லை. என் பிள்ளைக்குப் போட்டாயிற்று என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நிஜமாகவே தட்டம்மை வந்தது. செங்கல்பட்டில் பத்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டான். ஒரு காது மட்டும் இன்றும் சரியாகக் கேட்பதில்லை.

அவனுக்கு ஏன் ஊசி போடவில்லை என்று விசாரிக்க மேலிடத்திலிருந்து வந்தார்கள். "நர்சு இந்தப் பக்கமே வர்ல சார்" என்றார்கள் தெருவில். என்னைக் கேட்டபோது எனக்குத் தெரியாது என்றேன்.

நர்சம்மா அங்கேயே நின்றிருந்தார். என் பிள்ளையின் தடுப்பூசி கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதைக் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை... ஏன் சொல்லவில்லை என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த மாதம் அவருக்கு மாற்றல்.

இதைப் படிக்கிற எங்கள் தெருக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நர்சம்மா, நீங்கள் வந்தீர்கள். தினமும் வந்தீர்கள். தெரியாது என்று நான் சொன்னது பொய்.

போய் வாருங்கள்...