மாமியின் வில்லுக்கத்திகள்

பித்தளை துடைத்த என் விரல்களை இன்று தற்செயலாக முகர்ந்தபோது, குண்டுவீச்சில் இடிந்துபோன மாமியின் கரவெட்டி வீடும், திருவிழாக் கடைகளில் மலிவாக வாங்கிச் சேர்த்த வில்லுக்கத்திகளை, பித்தளை மயில் பிடி, மீன் பிடி, கொம்புப் பிடி என்று, வெள்ளிக்கிழமைகளில் பிஸ்கற் தகரப் பேணியிலிருந்து எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து அவர் மடிக்கிற 'டக்' என்ற சத்தமும் நினைவுக்கு வந்தன.

ஆமி வீடு வீடாகச் சோதிக்கத் தொடங்கியதும் மாமா பயந்துபோனார். "கத்தியளைக் கண்டா விடமாட்டாங்கள். கிணத்துக்கை போடும்," என்றார். மாமி பேணியோடு கிணற்றடிக்குப் போனார். பின்னால் போன மாமாவுக்கு மனம் கேட்கவில்லை.

"சரி, ஒண்டை மட்டும் வைச்சிரும்."

மாமி குந்தியிருந்து எல்லாவற்றையும் சீமெந்தில் பரப்பினார். ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். வெயில் ஏறியது.

"எதையெண்டு வைக்கிறது?" என்றவர், எல்லாவற்றையும் பேணிக்குள் அள்ளி மூடி, அப்படியே கிணற்றுக்குள் விட்டார்.